வாசல் கூடையில் மீன்முள் இல்லை: டி செல்லிடமிருந்து எச்.ஐ.வி. தப்பும் விதம்

எச்.ஐ.வி. தொற்றியவர்களுக்கு சிடி4 என்ற ஒரு வகை வெள்ளை அணுவின் எண்ணிக்கை பார்க்க ரத்தம் எடுப்பது பெரிய வித்தை இல்லை. ஊதா மூடி போட்ட சின்னக் குழாய், இரண்டு மூன்று மில்லி ரத்தம், உறையாமல் இருக்க எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்கக் கூடாது. செல்கள் முழுசாக இருந்தால்தான் எண்ண முடியும் என்பதால் இந்தக் குழாய் அறைச் சூட்டிலேயே நிற்கும். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் பல வருடம் என் காலைப்பொழுது இந்தக் குழாய்களோடுதான் போனது.

ஒரு நாள் வியாசர்பாடிப் பக்கம் தையல் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கேட்டாள்: "அக்கா, கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சுத்தான் எனக்கு இது இருக்குன்னே தெரிஞ்சுது. அந்த ஏழு வருஷமும் என் உடம்பு சும்மாவா இருந்துச்சு?"

யாரோ அவளிடம் "உனக்கு எதிர்ப்பு சக்தி கம்மி, அதான் ஒட்டிக்கிச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து அவளுக்குத் தன் உடம்பின் மேலேயே கோபம். எனக்கு மனசு கேட்கவில்லை. "சும்மா இல்லம்மா. ஏழு வருஷமும் சண்டை போட்டுக்கிட்டுதான் இருந்துச்சு" என்றேன். வரிசையில் இன்னும் இருபது பேர். அதற்கு மேல் பேச நேரமில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

கூடையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது

டி செல் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பியில் பயிற்சி முடித்து வெளியே வரும். தைமஸ் என்ற பெயரின் முதலெழுத்துதான் அந்த 'டி'. இதில் இரண்டு பெரிய பிரிவு. சிடி8 என்ற அடையாளம் உள்ளவை, வைரஸ் புகுந்த செல்லைத் தேடிப்போய்க் கொல்பவை. சிடி4 அடையாளம் உள்ளவை, வேலை வாங்கும் மேஸ்திரிகள். சிடி8 செல்லைத் தூண்டுவது, எதிர்பொருள் (கிருமியில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி) தயாரிக்கும் பி செல்லுக்கு உத்தரவு தருவது எல்லாம் இவற்றின் பொறுப்பு.

வைரஸ் ரத்தத்தில் மிதந்துகொண்டிருந்தால் எதிர்பொருள் பிடித்துக்கொள்ளும். செல்லுக்குள் நுழைந்துவிட்டால் எதிர்பொருள் உள்ளே எட்டாது. டி செல்லாலும் இன்னொரு செல்லுக்குள் எட்டிப்பார்க்க முடியாது. அப்படியானால் எந்தச் செல்லுக்குள் வைரஸ் இருக்கிறது என்று அது எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

நம் தெருவில் காலையில் குப்பை வண்டி வருவதை நினைத்துப் பாருங்கள். வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் வாசலில் இருக்கும் கூடையை ஒரு பார்வை பார்த்தாலே போதும், அந்த வீட்டில் நேற்று என்ன சமையல் என்று சொல்லிவிடுவார். வஞ்சிரம் முள் கிடந்தால் மீன்குழம்பு. முருங்கைக்காய்ச் சக்கை கிடந்தால் சாம்பார். வீட்டுக்குள் நுழைய வேண்டாம், பாத்திரத்தைத் திறக்க வேண்டாம்.

செல்லும் தன் வாசலில் இப்படித்தான் கூடை வைக்கிறது. உள்ளே ஓயாமல் புரதம் தயாராகிறது. பழசானதும் சரியாக அமையாததும் புரோட்டியாசோம் என்ற அரவை இயந்திரத்துக்குப் போய்த் துண்டு துண்டாகின்றன. அந்தத் துண்டுகளில் சில, டாப் என்ற குழாய்வழியாக உள்ளறைக்குப் போகின்றன. அங்கே எச்.எல்.ஏ. என்ற புரதம் ஒரு கிண்ணம் போல நடுவில் குழிவோடு காத்திருக்கும். எட்டிலிருந்து பத்து அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணி) நீளமுள்ள ஒரு துணுக்கு அந்தக் குழிவில் சரியாக உட்காரும். உட்கார்ந்ததும் கிண்ணம் செல்லின் வெளிப்பரப்புக்கு வந்து நிற்கும். இந்தக் கிண்ணத்தைத்தான் நான் கூடை என்கிறேன்.

சிடி8 செல் ஒவ்வொரு வீட்டு வாசலாக உரசிக்கொண்டு போகும். கூடையில் இருப்பது நம்முடைய சொந்தப் புரதத்தின் துணுக்கு என்றால் பேசாமல் நகர்ந்துவிடும். வைரஸின் துணுக்கு என்றால் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற பொருட்களைச் செலுத்தும். அந்தச் செல் தானே மடிந்துபோகும். டி செல் கூடையையும் அதிலுள்ள துணுக்கையும் சேர்த்தே படிக்கிறது என்பதை 1970களில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் எலிகளை வைத்துக் கண்டுபிடித்தவர்கள் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும். 1996இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்தக் கூடைதான் டி செல்லுக்கு இருக்கும் ஒரே ஜன்னல். எச்.ஐ.வி. செய்யும் வேலைகளில் பாதிக்கு மேல் இந்தக் கூடையைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஏழு வருடம் என்ன நடந்தது?

கிருமி உள்ளே வந்த இரண்டு முதல் நான்கு வாரத்தில் ரத்தத்தில் வைரஸ் உச்சத்துக்குப் போகும். ஒரு மில்லி ரத்தத்தில் பத்து லட்சத்துக்கு மேலும் ஏறலாம். பலருக்கு அப்போது சாதாரணக் காய்ச்சல் போல வந்து போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு, எந்த மருந்தும் இல்லாமலேயே, அந்த எண்ணிக்கை பல மடங்கு சரிகிறது. சரியும் நேரமும் சிடி8 செல்கள் படையாகப் பெருகும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. தற்செயலோ என்ற சந்தேகத்தை 1999இல் குரங்குகளில் செய்த ஆய்வுகள் தீர்த்தன. எச்.ஐ.வி.க்கு உறவான எஸ்.ஐ.வி. தொற்றிய குரங்குகளிடமிருந்து சிடி8 செல்களை மட்டும் நீக்கியபோது வைரஸ் சரசரவென்று ஏறியது. செல்கள் திரும்பி வந்ததும் இறங்கியது.

சென்னைக்காரர்கள் இதை இன்னொரு விதத்திலும் புரிந்துகொள்ளலாம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது இந்த ஊரில்தான், 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதனை வசதி அப்போது வேலூர் சி.எம்.சி.யில்தான் இருந்ததால் அங்கே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து தரத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1இல். தாம்பரம் சானடோரியம் அந்த முதல் மையங்களில் ஒன்று. இடையில் 18 வருடம். மருந்தை விலை கொடுத்து வாங்க முடியாத அத்தனை பேருக்கும் அந்த 18 வருடம் இருந்த ஒரே காவல் அவரவர் டி செல்தான். மருந்தில்லாமல் சராசரியாக எட்டு, பத்து வருடம் நோய் முற்றாமல் தாங்கினார்கள் என்றால் அது அந்தச் செல்களின் உழைப்பு. 'எதிர்ப்பு சக்தி கம்மி' என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, இவ்வளவு உழைத்தும் ஏன் ஒழிக்க முடியவில்லை?

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். வைரஸுக்கு மூளையும் திட்டமும் கிடையாது. 'ஏமாற்றுகிறது', 'ஒளிகிறது' என்று எழுதுவதெல்லாம் நம் பேச்சு வசதிக்குத்தான். கோடிக்கணக்கில் பிறப்பவற்றில் எது மாட்டவில்லையோ அது பெருகுகிறது. நாம் பார்ப்பது அப்படி மிஞ்சியதை.

முள் மாறிவிடுகிறது

எச்.ஐ.வி.யின் மரபுத்தகவல் மொத்தம் சுமார் 9,700 எழுத்து, ஒன்பது மரபணு. நம்முடையது 300 கோடி எழுத்து. அவ்வளவு சின்ன வைரஸ். ஆனால் தன்னை நகலெடுக்க அது பயன்படுத்தும் நொதி, தப்பும் தவறுமாக எழுதும் எழுத்தர். எழுதியதைத் திருப்பிப் படித்துத் திருத்தும் வழக்கம் அதற்குக் கிடையாது. ஏறத்தாழ மூன்று நகலுக்கு ஒன்றில் ஓர் எழுத்தாவது மாறிவிடும். சிகிச்சை இல்லாத ஒருவர் உடம்பில் ஒரு நாளைக்குப் பிறக்கும் வைரஸ் சுமார் 1,000 கோடி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 9,700 எழுத்தில் ஏதேனும் ஒன்று மட்டும் மாறுவதற்கு இருக்கும் வழிகளை எண்ணினால் 29,000 சொச்சம்தான். அதாவது, சாத்தியமான ஒவ்வொரு ஓரெழுத்து மாற்றமும் ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு நகலில் நடந்துகொண்டே இருக்கிறது.

இப்போது கூடைக்கு வாருங்கள். ஒரு சிடி8 செல் 'வஞ்சிரம் முள்' என்ற ஒரே அடையாளத்தைப் படிக்கப் பழகியது. ஒன்பது அமினோ அமிலத் துணுக்கில் ஒன்று மாறினால் மூன்றில் ஏதாவது ஒன்று நடக்கும். துணுக்கு கூடையின் குழிவில் உட்காராமல் போகும். அல்லது உட்காரும், ஆனால் வெளியே தெரியும் பக்கம் மாறிப்போனதால் அந்த டி செல்லுக்கு அடையாளம் தெரியாது. அல்லது அரவை இயந்திரம் வெட்டும் இடமே மாறி அந்தத் துணுக்கு உருவாகவே உருவாகாது. எதுவானாலும் பலன் ஒன்றுதான்: டி செல் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடும். புது முள்ளைப் படிக்க வேறு சிடி8 செல் பெருகி வரும். அதற்குள் வைரஸ் அடுத்த மாற்றத்தில் இருக்கும்.

மாறிக்கொண்டே போகலாம் என்றால் வைரஸுக்கு எல்லையே இல்லையா? இருக்கிறது. இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எச்.ஐ.வி. தொற்றியவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்கள் மருந்தே இல்லாமல் பல வருடம் வைரஸைச் சோதனையில் தெரியாத அளவுக்கு அடக்கி வைக்கிறார்கள். அவர்களிடம் அடிக்கடி காணப்படுவது எச்.எல்.ஏ-பி57, எச்.எல்.ஏ-பி27 என்ற இரண்டு வகைக் கூடை. கூடை எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஆயிரக்கணக்கான வகை உண்டு, அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி வருகிறது. தொற்றை அடக்குபவர்களையும் அடக்க முடியாதவர்களையும் ஒப்பிட்டு மரபணுத் தொகுப்பு முழுக்கத் தேடி 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கடைசியில் போய் நின்ற இடமும் எச்.எல்.ஏ-பி கூடையின் அந்தக் குழிவுதான்.

அந்தக் கூடைகளில் என்ன விசேஷம்? அவை ஏந்தி நிற்கும் துணுக்கு எந்தப் புரதத்திலிருந்து வருகிறது என்பதுதான். வைரஸின் மரபுப்பொருளைச் சுற்றிக் கூம்பு வடிவில் ஓர் உறை இருக்கிறது. காக் என்ற புரதத்தின் ஒரு பகுதி ஏறத்தாழ 1,500 தடவை அடுக்கப்பட்டு, அறுகோணமும் ஐங்கோணமுமாகப் பொருந்தி அந்தக் கூம்பு உருவாகிறது. ஒரு செங்கல்லின் முனை மாறினால் மொத்தக் கட்டடமும் ஆடும். பி57 கூடை காட்டுவது அந்தச் செங்கல்லின் துண்டை.

வைரஸ் தப்பவே தப்பாது என்றில்லை. காக் புரதத்தின் 242வது இடத்தை மாற்றிக்கொண்டு பி57 உள்ளவரின் டி செல்லிடமிருந்து தப்புகிறது. ஆனால் விலை கொடுக்கிறது. அந்த மாற்றத்தோடு அது பழைய வேகத்தில் பெருகுவதில்லை. அதே வைரஸ் பி57 இல்லாத இன்னொருவருக்குத் தொற்றினால் 242வது இடம் பழையபடி திரும்பிவிடுகிறது. பயந்து குடை பிடித்திருந்தவர் மழை விட்டதும் குடையை மடக்குவது மாதிரி. பி27 விஷயம் இன்னும் கடினம். 264வது இடத்தை மாற்றினால் தப்பலாம், ஆனால் அதை மட்டும் மாற்றினால் வைரஸால் சரியாகப் பெருகவே முடியாது. 173வது இடத்திலும் ஈடுகட்டும் மாற்றம் ஒன்று சேர்ந்து வர வேண்டும். அது நடக்கப் பல வருடம் ஆகிறது. நடந்துவிட்டால், அதுவரை நன்றாக இருந்தவருக்கும் வைரஸ் ஏறத் தொடங்குகிறது.

அந்தத் தையல்காரப் பெண்ணிடம் பி57 இருந்ததா என்று எனக்குத் தெரியாது. சாதாரண சிகிச்சைக்கு அதைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் இதை அவளுக்குச் சொல்ல ஆசைப்பட்டேன்: யாருடைய வாசலில் எந்தக் கூடை என்பது பிறக்கும்போதே முடிவாவது. அதில் அவள் தப்பு எங்கே இருக்கிறது?

கூடையையே எடுத்துவிடுவது

வைரஸின் ஒன்பது மரபணுக்களில் நெஃப் என்று ஒன்று. அது உருவாக்கும் புரதம் செல்லுக்குள் உட்கார்ந்துகொண்டு, வாசலுக்குப் போகும் கூடைகளின் அடிப்பக்க வாலைப் பிடித்து, செல்லின் சொந்தச் சரக்குப் போக்குவரத்தைக் கொண்டே அவற்றைச் சிதைக்கும் அறைக்குத் திருப்பிவிடுகிறது. வாசலில் கூடை குறைந்தால் டி செல் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நெஃப் உள்ள வைரஸ் புகுந்த செல்லை சிடி8 செல்கள் சரியாகக் கொல்ல முடியாமல் போவதை 1998இலேயே ஆய்வகத்தில் காட்டிவிட்டார்கள்.

ஆனால் உடம்பும் இதை எதிர்பார்த்திருக்கிறது. என்.கே. செல் என்று இன்னொரு காவல் உண்டு. அது கூடையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கூடை இருக்கிறதா என்று பார்க்கிறது. கூடையே இல்லாத வீடு என்றால் சந்தேகப்பட்டு அடிக்கும். எச்.எல்.ஏ. கூடையில் ஏ, பி, சி என்று மூன்று பெரிய வகை. நெஃப் ஏயையும் பியையும் இழுக்கிறது, சியை விட்டுவிடுகிறது. டி செல் பெரும்பாலும் பார்ப்பது ஏயையும் பியையும். என்.கே. செல் சமாதானம் ஆவது முக்கியமாக சியைப் பார்த்து. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, அவ்வளவு துல்லியம். 2016இல் வந்த ஆய்வு இதில் இன்னொரு திருகலையும் காட்டியது: நோயாளிகளிடமிருந்து எடுத்த பல வைரஸ்கள் விபியு என்ற வேறொரு புரதத்தால் சி கூடையையும் ஓரளவு குறைக்கின்றன. எவ்வளவு குறைக்கும் என்பது வைரஸுக்கு வைரஸ் வேறுபடுகிறது.

நெஃப் எவ்வளவு முக்கியம் என்பதை மனிதர்களிடமே காட்டிய ஒரு சம்பவம் சிட்னியில் நடந்தது. எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியாமல் ஒருவர் ரத்தம் கொடுத்திருந்தார். அதைப் பெற்ற பலரும் எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் நோய் முற்றாமல் இருந்தார்கள். 1995இல் வைரஸை எழுத்தெழுத்தாகப் படித்தபோது நெஃப் மரபணுவில் ஒரு பகுதியே காணவில்லை. அவர்களில் சிலருக்குப் பின்னாளில் சிடி4 குறையத்தான் செய்தது. ஆனாலும் நெஃப் இல்லாத வைரஸுக்குப் பல் பாதி போனது மாதிரி.

கூடையைக் குறிவைப்பது எச்.ஐ.வி. மட்டுமில்லை. வாயோரம் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் வைரஸ், துணுக்குகள் உள்ளறைக்குப் போகும் டாப் குழாயையே அடைத்துவிடும். சைட்டோமெகலோ வைரஸ் புதுக் கூடைகளைப் பிறந்த இடத்திலேயே பிடித்து அரவைக்குத் தள்ளும். சின்னம்மை வைரஸை நமக்கு நன்றாகத் தெரியும்: சின்ன வயதில் அம்மை இறங்கிய பிறகும் அது போவதில்லை, நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டு படுத்திருக்கும். வயதாகி டி செல் தளரும்போது ஒரு நரம்பின் வழியே, உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் போட்டு எழும். அதுதான் அக்கி. நம் ஊர்களில் குயவரிடம் போய்க் காவி மண்ணால் அக்கி எழுதிக்கொள்வார்கள். என் பாட்டியும் எழுதிக்கொண்டவர்தான். இன்று அதற்கு வைரஸ் மருந்து இருக்கிறது, கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் தொடங்கினால் நல்லது. அக்கியை இங்கே சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இளவயதில் ஒருவருக்கு அக்கி வந்தால் மருத்துவர்கள் எச்.ஐ.வி. சோதனையும் செய்துபார்க்கச் சொல்வார்கள். டி செல் காவல் எங்கேயோ தளர்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

மேஸ்திரியே போய்விட்டால்

பெரும்பாலான வைரஸ்களுக்கு இல்லாத கொடுமை ஒன்று எச்.ஐ.வி.யிடம் இருக்கிறது. அது நுழையும் கதவே சிடி4. அதாவது மேஸ்திரி செல்லுக்குள்தான் குடியேறுகிறது. அதிலும் எச்.ஐ.வி.யை எதிர்க்கவென்று விழித்து எழும் சிடி4 செல்கள் மற்ற சிடி4 செல்களைவிட அதிகமாகத் தொற்றுக்கு ஆளாகின்றன. தொற்றிய முதல் சில வாரங்களிலேயே குடலில் உள்ள சிடி4 செல்களில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. மேஸ்திரி இல்லாத இடத்தில் சிடி8 செல்கள் இருக்கும், ஆனால் நினைவாற்றலும் தாக்குப்பிடிக்கும் திறனும் குறைந்திருக்கும். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500 முதல் 1,500 வரை சிடி4 செல் இருக்கும். 200க்குக் கீழே போனால் காசநோயும், வாயில் வெள்ளைப் படலமும், சாதாரணமாக யாரையும் தொடாத நுரையீரல் தொற்றும் வரும் ஆபத்து மிகவும் கூடும்.

கூடவே களைப்பும் சேர்கிறது. ஒரே எதிரியை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கும் சிடி8 செல்லின் மேல் பிடி-1 என்ற பிரேக் ஏறிக்கொள்கிறது. செல் உயிரோடு இருக்கும், எதிரியை அடையாளமும் காணும், அடிக்காது. இது உடம்பு தன்னையே காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் ஏற்பாடு. ஓயாமல் சண்டை நடந்தால் நம் சொந்தத் திசுக்களே வெந்துபோகும். எச்.ஐ.வி. தொற்றியவர்களின் டி செல்லில் இந்த பிரேக் அழுந்திக் கிடப்பதை 2006இல் கண்டார்கள். அதைத் தளர்த்தும் மருந்துகள் இன்று புற்றுநோய்க்குப் பயன்படுகின்றன. எச்.ஐ.வி.க்கு உதவுமா என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

நிணநீர் முடிச்சுகளுக்குள் பி செல்கள் கூடும் அறைகள் இருக்கின்றன. அங்கே ஒரு வகை சிடி4 செல்லுக்கு அனுமதி உண்டு, பெரும்பாலான சிடி8 செல்களுக்குக் கிடையாது. வைரஸ் அங்கேயும் பெருகுகிறது.

அடுப்பே எரியாத வீடு

இவ்வளவுக்கும் மேலே ஒன்று. எச்.ஐ.வி. தன் மரபுத்தகவலை நம் செல்லின் மரபணுவுக்குள்ளேயே தைத்துவிடுகிறது. பெரும்பாலான செல்கள் அதன்பின் வைரஸை உற்பத்தி செய்து மடியும். ஆனால் ஒரு சில சிடி4 செல்கள் அந்த நேரத்தில் ஓய்வுக்குப் போய், பழைய எதிரியை ஞாபகம் வைத்திருக்கும் நினைவு செல்களாக அடங்கிவிடுகின்றன. உள்ளே வைரஸின் கட்டளை இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. புரதம் இல்லை, துணுக்கு இல்லை. அந்த வீட்டில் அடுப்பே எரியவில்லை. வாசல் கூடையில் மீன்முள் எங்கிருந்து வரும்? டி செல் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்த வாசலில் நிற்க அதற்குக் காரணமே கிடையாது.

பெருகக்கூடிய வைரஸ் இப்படி ஒளிந்திருப்பது ஓய்விலுள்ள சிடி4 செல்களில் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில்தான். ஆனால் அந்த இருப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகிறது. மருந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தாலும் முழுக்கக் கரைய 70 வருடத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டார்கள். நினைவு செல் பிரிந்து இரண்டாகும்போது உள்ளே இருக்கும் வைரஸும் சேர்ந்தே இரண்டாகிறது என்பது இன்னொரு சிக்கல். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வைரஸ் திரும்பி வருவது இங்கிருந்துதான். உறங்கும் செல்லை மருந்து கொடுத்து எழுப்பி, அடுப்பை மூட்ட வைத்து, கூடையில் முள் விழுந்ததும் டி செல்லைக் கொண்டு அடிக்கலாம் என்று ஒரு யோசனை பல வருடமாகச் சோதனையில் இருக்கிறது. எழுப்ப முடிகிறது. எழுந்ததைக் கொல்லக் களைத்துப்போன டி செல்லுக்குத் தெம்பு போதவில்லை.

அந்தப் பெண் ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தாள். அன்று கூட்டம் இல்லை. மேலே எழுதியதில் பாதியாவது அவளுக்குச் சொன்னேன், கூடையும் மீன்முள்ளும் உட்பட. கேட்டுவிட்டு உடனே மடக்கினாள்: "அப்போ மாத்திரைக்கும் அது மாறிக்காதா அக்கா?"

மாறும். தொடக்க காலத்தில் ஒற்றை மருந்து கொடுத்தபோது சில மாதங்களிலேயே மாறித் தப்பியது. இன்று ஏ.ஆர்.டி. மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) தரும் ஒரே மாத்திரைக்குள் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று இருக்கிறது. முதல் இரண்டும் நகலெடுக்கும் நொதியை நிறுத்துகின்றன, மூன்றாவது நம் மரபணுவில் தைக்கும் வேலையை நிறுத்துகிறது. ஒன்றிலிருந்து தப்ப ஓரெழுத்து மாற்றம் போதலாம். மூன்றிலிருந்தும் தப்பும் மாற்றங்கள் ஒரே நகலில், ஒரே சமயத்தில் வந்து விழ வேண்டும். பி27 கூடை இரண்டு இடத்தில் ஒன்றாக மாறச் சொல்லி வைரஸை வருடக்கணக்கில் தவிக்கவிட்டதே, அதே மாதிரி நெருக்கடிதான் இது, இன்னும் இறுக்கமாக. அதோடு மருந்து ஒழுங்காக உள்ளே இருந்தால் வைரஸ் நகலே எடுப்பதில்லை. நகல் இல்லையென்றால் பிழைக்கு இடம் எங்கே? ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குத் தொடர்ந்து குறைந்திருந்தால் உடலுறவு வழியாக அவரிடமிருந்து யாருக்கும் தொற்றுவதும் இல்லை. இதையும் அவளிடம் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள்.

"நடுவுல ஒரு வாரம் விட்டுட்டா?"

மூன்று மருந்தும் ஒரே வேகத்தில் உடம்பைவிட்டுப் போவதில்லை என்றேன். இரண்டு இறங்கி ஒன்று மட்டும் மிச்சமிருக்கும் நாட்களில் வைரஸ் நகலெடுக்கத் தொடங்கினால், அதற்குத் தேவை ஒரே ஒரு மாற்றம்.

தையல் மெஷின் டிராயரில் பாபின் டப்பாவுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பாவை வைத்திருப்பதாகச் சொன்னாள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைசி ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்து முடித்ததும் டிராயரைத் திறப்பாளாம். "வேலை இல்லாத நாள்லயும் மெஷின் முன்னாடி போய் உக்காந்துதான்க்கா போடுறேன்" என்றாள். குழாயில் அவள் எண்ணை ஒட்டி, எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்தி, மேஜை மேலிருந்த தட்டில் வைத்தேன்.